ஐஸ் பெட்டியில் போன ரத்தம்

சென்ற வாரம் நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டும் தொழில் வளர்ந்த கதையைப் பார்த்தோம். அந்த வண்டிகள் லோடு ஏற்றிக்கொண்டு வட மாநிலங்கள் வரை போயின. டிரைவரும் கிளீனரும் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அந்த நெடுஞ்சாலை வழியே ஒரு நோயும் இந்த ஊர்களுக்குள் வந்தது. அதை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லாமல் நாமக்கல்லின் கதையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

1985-ன் கடைசி மாதங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தார் சுனிதி சாலமன். சென்னையில் தோல் வணிகம் செய்த மராட்டியக் குடும்பத்தின் மகள். ஏழு சகோதரர்களோடு பிறந்த ஒரே பெண். இதய அறுவை சிகிச்சை நிபுணர் சாலமன் விக்டரைக் காதலித்து மணந்தவர். வெளிநாடுகளில் பயிற்சி பெற்று 1973-ல் ஊர் திரும்பியிருந்தார். எய்ட்ஸ் பற்றி அமெரிக்கா 1981-லேயே அறிவித்துவிட்டது. நம் நாட்டிலோ, ஒழுக்கமான தேசத்துக்கு அந்த நோய் வராது என்ற பேச்சே பலமாக இருந்தது. 'பார்த்துவிடலாமே' என்று நினைத்த சுனிதி, தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு அதையே ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார்.

நிர்மலாவுக்கு அப்போது 32 வயது. கட்டுப்பாடான குடும்பத்திலிருந்து வந்தவர். ரத்த மாதிரி எடுக்கப் பாலியல் தொழிலாளர்களை எங்கே போய்ப் பார்ப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. தயங்கியவரைத் தேற்றி அனுப்பியவர் கணவர்தான். போலீஸ் பிடித்த பெண்களை அடைத்து வைத்திருந்த விடுதிக்குப் போய், அவர்களிடம் பேசி, ஊசி போட்டு ரத்தம் எடுத்தார் நிர்மலா. கையுறை கிடையாது. ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்தெடுக்க சுனிதியும் கணவரும் ஒரு சிறிய ஆய்வகத்தை ஏற்பாடு செய்தார்கள். சேமித்து வைக்க வேறு இடம் இல்லாததால் அந்தக் குப்பிகள் நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தன. மூன்று மாதத்தில் 80-க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன.

சோதனை செய்யும் வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் ஓர் இரவு, ஐஸ் பெட்டியோடு நிர்மலாவும் கணவரும் காட்பாடிக்கு ரயில் ஏறினார்கள். அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் சி.எம்.சி. அங்கே வைரஸ் ஆய்வுத் துறைத் தலைவராக இருந்தவர் ஜேக்கப் ஜான். காலையில் மாதிரிகளைச் சோதனைக்கு வைத்தார்கள். நடுவில் மின்சாரம் போய்விட்டது. எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டு வந்தார்கள். அந்தத் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் பாபு மூடியைத் திறந்தார். பார்த்ததும் சட்டென்று மூடினார். ஆனால் நிர்மலா அதற்குள் பார்த்துவிட்டார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறியிருந்தன. மஞ்சள் என்றால் ரத்தத்தில் எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் செய்த மறு சோதனையும் அதை உறுதி செய்தது. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி 13 வயதுச் சிறுமி. கடத்திவந்து தொழிலில் தள்ளப்பட்டவள். பேராசிரியரை ஆய்வகத்திலிருந்து நோயாளிகளின் பக்கம் இழுத்துவந்தவள் அந்தக் குழந்தைதான் என்று நான் நம்புகிறேன். இந்த நோயாளிகளோடு வேலை வேண்டாம் என்று கணவரே தயங்கியபோது, அவர்கள் கதையைக் கேட்டால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள் என்றார் சுனிதி. 1993-ல் தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். மற்ற இடங்களில் தொடவே அஞ்சிய நோயாளிகளுக்கு அங்கே சிகிச்சை கிடைத்தது.

அந்த மையத்துக்கு வந்த பெண்களை ஆராய்ந்தபோது தெரிந்த உண்மை நம் ஊர்களுக்கு நேராகப் பொருந்தும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் குடும்பப் பெண்கள். வாழ்க்கையில் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். லாரிக்காரர் வீடுகள் நிறைந்த நாமக்கல்லில் இது என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கணவர் செத்ததும் 'இவள்தான் காரணம்' என்று மருமகளை வெளியே தள்ளிய வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட பெண்களுக்காகக் குரல் கொடுக்க 1998-ல் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கிய கௌசல்யா நாமக்கல்லைச் சேர்ந்தவர். தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை ஊரறியச் சொல்லும் துணிச்சல் அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு இருந்தது?

பிற்பாடு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு மாவட்டங்களைத் தரம் பிரித்தபோது, சேலமும் நாமக்கல்லும் பாதிப்பு அதிகமுள்ள 'ஏ' பிரிவில் இடம்பெற்றன. 'புலிராஜா' என்ற எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் சுவரெங்கும் தெரிந்த நாட்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு நிலைமை மாறியது.

சுனிதி சாலமன் 2015 ஜூலையில் காலமானார். 2017-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 1987-ல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நிர்மலா, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பணிபுரிந்து 2010-ல் ஓய்வு பெற்றார். அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் ஏற வேண்டும். எச்.ஐ.வி. இருந்தாலும் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறவர்கள் இன்று மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் சோதனைக்குக் காசு இல்லை. விவரம் வெளியே போகாது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். லைனுக்குப் போகும் உங்கள் வீட்டு டிரைவருக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.