மூக்கின் வழி பிறக்கும் உயிர்கள்

தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் எனப் பேச்சொலி பிறக்கும் இடங்கள் எட்டைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுகிறது. அங்கு மூக்கு மெல்லின மெய்களுக்குரியது. பிரெஞ்சு மொழியில் உயிரொலிகளுக்கும் அதில் பங்குண்டு.

இலத்தீனில் 'நல்ல' என்பதைக் குறித்த 'போனுஸ்', பிரெஞ்சில் 'போன்' ஆனது. இடைக்காலத்தில் அதன் ஈற்று னகரம் ஒலித்தது. அதன் சேர்க்கையால் முன்னிருந்த உயிரும் மூக்கொலி பெற்றது. பின்னர் மெய் தேய்ந்து மறைய, மூக்கொலி உயிரிலேயே தங்கிவிட்டது. எழுத்தில் மட்டும் அந்த னகரம் இன்றும் நிற்கிறது.

உயிரொலிகளைக் கற்பது ஒரு காலத்தில் நகைப்புக்குரியதாயிருந்தது. 1670 இல் மேடையேறிய மொலியேரின் நாடகமொன்றில், பிரபுவாக விரும்பும் ஜூர்தான் என்ற செல்வர், வாயைத் திறந்தும் இதழைக் குவித்தும் உயிர்களைப் பயில்கிறார். ஆயினும் அப்பாடம் வெறுங்கற்பனையன்று. 1668 இல் கோர்தமுவா எழுதிய பேச்சொலி நூலைத் தழுவியது.

1886 இல் போல் பஸ்ஸி என்பவர் பரிஸில் மொழியாசிரியர்களைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். இன்று அகராதிகளிற் காணும் சர்வதேச ஒலிக்குறிகள் அதன் வழி வந்தவை. அவற்றில் மூக்கொலி உயிரின் மேல் ஒரு சிறு நெளிகோடு இருக்கும். அதே காலத்தில் ரூசெலோ என்ற பாதிரியார், மூக்கினூடே செல்லும் காற்றைப் புகைபூசிய உருளையிற் பதிவுசெய்து ஆராய்ந்தார்.

உடற்கூற்றின்படி விடயம் எளியது. மெல்லண்ணம் தாழ்ந்தால் காற்று மூக்கிற்கும் செல்லும். நமக்குள்ள இடர் வேறு. தமிழ்நாட்டுப் பேச்சில் 'மரம்', 'பழம்' ஆகியவற்றின் மகரம் மறைந்து உயிர் மூக்கொலி பெறும். யாழ்ப்பாணத்தவர் இதழைக் கூட்டி மகரத்தை முழுமையாக ஒலிப்பவர்கள். அதே பழக்கத்தில் 'போன்' என்பதையும் நாவால் மூடிவிடுகிறோம்.

பிரான்சில் வாழும் நம் தோழியருக்கு இது வெறும் அழகுக்கலை அன்று. இரத்தத்தைக் குறிக்கும் சொல்லும் மார்பகத்தைக் குறிக்கும் சொல்லும் அங்கு மூக்கொலி உயிர் ஒன்றினாலேயே வேறுபடுகின்றன. சொல் சரியாக வராதென்ற கூச்சத்தில் பாதியைச் சொல்லாமலே எழுந்துபோகும் நோயாளியை எந்த வைத்தியரும் அறிவார்.

எனவே கூச்சத்தை விட்டுப் பயிலுங்கள். 'போ' என்று சொல்லி மூக்கைப் பொத்துங்கள், ஒலி மாறாது. பிரெஞ்சு 'போன்' என்று சொல்லிப் பொத்துங்கள்; ஒலி அடைபட வேண்டும், ஆனால் நா மேலே தொடக்கூடாது. இன்னொன்று: 'இ' என்று சொல்லிக்கொண்டே, நாவை அசைக்காமல் 'உ' போல இதழைக் குவியுங்கள், தமிழில் இல்லாத பிரெஞ்சு உயிர் ஒன்று பிறக்கும்.

பரிஸ்வாசிகள் பலரே நான்கு மூக்கொலி உயிர்களில் இரண்டை இன்று ஒன்றாக்கிவிட்டனர். நமக்கு மூன்று வந்தாலே போதும்.