பெவிலியனுக்குப் பணம் வரும், புல்லுக்கு?

எந்தக் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பது என் வழக்கம். இருபது வருட பேங்க் உத்தியோகம் கொடுத்த புத்தி. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரில் ஹாம்பிள்டன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. கிரிக்கெட்டின் தொட்டில் என்று அந்த ஊரைத்தான் சொல்வார்கள். அந்த ஊர் கிளப்பின் கூட்டக் குறிப்பேட்டில் கடைசிப் பதிவு 1796 செப்டம்பர் 21. அதில் இருக்கும் சங்கதி, கனவான்கள் ஒருவரும் வரவில்லை என்பதுதான். அதோடு சரி.

அதற்கு மூன்று வாரம் முந்தைய கூட்டத்துக்கு வந்த விருந்தாளிகள் பட்டியலில் 'மனித உரிமைகள்' எழுதிய தாமஸ் பெய்ன் பெயர் இருக்கிறது. அவரோ இங்கிலாந்தில் தண்டனை அறிவிக்கப்பட்டு பிரான்சில் இருந்த ஆள். எவனோ குசும்பன் எழுதியிருக்கிறான். ஒரு கிளப் படுக்கப் போகிறது என்பதற்கு இதை விட நல்ல அறிகுறி வேண்டாம். மினிட்ஸ் புத்தகத்தில் விளையாட ஆரம்பித்துவிட்டார்களே!

இதே கிளப் அதற்கு இருபது வருடம் முன்னால் என்ன போடு போட்டது தெரியுமா? 1777 ஜூனில் கென்ட்டில் உள்ள செவனோக்ஸ் ஊரின் வைன் மைதானத்தில் ஹாம்பிள்டன் ஒரு பக்கம், மொத்த இங்கிலாந்து ஒரு பக்கம். இங்கிலாந்து 166, 69. ஹாம்பிள்டன் ஒரே இன்னிங்ஸில் 403. இன்னிங்ஸ் மற்றும் 168 ரன்னில் வெற்றி. அதில் ஜேம்ஸ் அயல்வர்ட் என்பவர் மட்டும் 167 அடித்தார். பெரிய ஆட்டங்களுக்கு 500 கினி பந்தயம் கட்டுவது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். உள்ளூரில் அவர்கள் ஆடிய இடம் பிராட்ஹாஃப்பென்னி டவுன் என்ற மேட்டு நிலம். எதிரே ஒரு சத்திரம். சத்திரக்காரர் ரிச்சர்ட் நைரன்தான் கேப்டன், செயலாளர், மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் எல்லாம். சாப்பாடு, பானம் எல்லாம் அவர் சத்திரத்தில்தான். அவருக்கு மைதானம் நன்றாக இருந்தால்தான் கல்லா நிறையும். புல்லைப் பார்த்துக்கொள்ள இதை விடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

ஆனால் பணம் அவருடையது அல்ல, உறுப்பினர்களான பிரபுக்களுடையது. அவர்களுக்கு லண்டன் பக்கம் ஆட ஆசை வந்தது. ஹாம்பிள்டன் கிளப்பில் தலைவராக இருந்த வின்செல்ஸீ பிரபுவே இன்னொருவரோடு சேர்ந்து, தாமஸ் லார்ட் என்பவரிடம் "நீ லண்டனில் மைதானம் போடு, நஷ்டம் வந்தால் நாங்கள் பொறுப்பு" என்று உறுதி கொடுத்தார். எங்கள் பாஷையில் சொன்னால் பேங்க் கியாரண்டி. அந்த மைதானம் 1787ல் வந்தது. எம்.சி.சி. பிறந்தது அங்கேதான். கிராமத்துக் கிளப் கடன் வாங்கி முழுகவில்லை. எவனும் பணத்தைச் சுருட்டவில்லை. பெரிய டெபாசிட்காரர்கள் வேறு கிளைக்குக் கணக்கை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். எட்டு ஒன்பது வருடத்தில் நாற்காலிகள் காலி.

அந்தப் பழைய மைதானம் என்ன ஆனது? மேட்டில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது என்று 1782லேயே ஊருக்குப் பக்கத்தில் விண்ட்மில் டவுனுக்கு மாறியிருந்தார்கள். விட்ட இடம் விவசாய நிலமாகப் போனது. 1908ல் திடீர் பாசம் வந்து அங்கே ஒரு கருங்கல் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதையொட்டி ஹாம்பிள்டனுக்கும் இங்கிலாந்து அணிக்கும் ஒரு ஆட்டம் வைத்தார்கள், சி.பி.ஃப்ரை கூட ஆடினார். ஆனால் அந்த நிலத்தையே வாங்கிக் காப்பாற்ற ஒரு கை வந்தது 1925ல்தான். வின்செஸ்டர் கல்லூரி வாங்கியது. 1959ல் பிரிகண்ட்ஸ் என்ற கிளப் வந்து அங்கே ஆட ஆரம்பித்தது. கல்லுக்கும் நிலத்துக்கும் நடுவில் பதினேழு வருடம் என்பதைக் கவனியுங்கள். கல்லில் பெயர் வெட்டலாம். புல்லில் எதை வெட்டுவது?

நான் பி.காம். படித்தவன். முதல் வருடத்திலேயே மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பெவிலியன், ஸ்கோர்போர்டு, வளைவு எல்லாம் முதல் வகை. புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, ரோலர் தள்ளுவது இரண்டாம் வகை. நன்கொடை என்ற சமாசாரம் இயற்கையாகவே முதல் வகைக்குத்தான் ஓடும். இதற்கு இங்கிலாந்து, இந்தியா பேதம் கிடையாது.

தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊரில் ஒரு மைதானம் இருக்கிறது. என் அப்பா காலத்திலேயே அங்கே மேட்டிங் விரித்து டோர்னமெண்ட் நடந்திருக்கிறது. இப்போது கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பழைய பசங்கள் சேர்ந்து நிதி திரட்ட ஆரம்பித்தார்கள். கூடப் படித்தவன் ஒருவன் மும்பைக்குப் போன் போட்டான். "ஏலே, நீதான் பேங்க்ல இருக்கியே, கணக்க நீ பாத்துக்கோ. துபாய்க்காரனுவ எல்லாம் கேலரிக்குத் தாரோம்னு சொல்லிட்டானுவ." நான் இரண்டு கேள்வி கேட்டேன். கேலரி கட்டிய பிறகு மாசாமாசம் தண்ணி விடுகிற ஆளுக்குச் சம்பளம் யார் தருவது? நிலம் யார் பெயரில் இருக்கிறது? முதல் கேள்விக்குச் சிரித்தான். இரண்டாவதற்கு, "மந்தைப் புறம்போக்குன்னு தாத்தா சொல்லுவாரு" என்றான். தாத்தா சொன்னதை வைத்து நாங்கள் லோன் கொடுப்பதில்லை :-)

இங்கே மும்பையில் நான் தினம் ஆசாத் மைதானத்தைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன். ஒரே வெளியில் இருபதுக்கு மேல் பிட்ச்சுகள். ஒருவர் அடிக்கும் பந்தை அடுத்த மேட்ச் ஃபீல்டர் எடுத்துப் போடுவார். அதிகாலையில் போனால் பிட்ச்சுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு மாலிகள் இருப்பார்கள். மழைக்காலத்தில் காங்கா லீக் நடக்கிறதென்றால், 1948லிருந்து நடந்து வருகிறதென்றால், அதற்குப் பின்னால் இந்த மாலிகள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைக் கல்வெட்டில் நான் பார்த்ததில்லை.

இங்கிலாந்துக் கிராமங்கள் இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த வழி ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'ஹண்ட்ரட் கிளப்' என்பார்கள். நூறு பேர், ஆளுக்கு ஒரு எண், மாதம் ஒரு சிறு தொகை. மாதாமாதம் குலுக்கல். வந்ததில் ஒரு பங்கு பரிசாகப் போகும், மீதி கிளப்புக்கு. அட, நம்ம ஊர் குலுக்கல் சீட்டேதான்! பணக்காரர் ஒருவரும் தேவையில்லை. முக்கியமாக, பணம் ஒரேயடியாக வராமல் மாதாமாதம் வருகிறது. செலவும் மாதாமாதம்தானே. தவிர, 2002லிருந்து அங்கே சிறு விளையாட்டுக் கிளப்புகள் வரித்துறையில் பதிவு செய்துகொள்ளலாம். வரி கட்டுகிற ஒருவர் ஒரு பவுண்டு கொடுத்தால் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கிளப்புக்கே கொடுக்கும். நம் 80ஜி-யில் சலுகை கொடுத்தவருக்கு, அங்கே கிளப் கையில் ரொக்கமாக வருகிறது. நல்ல ஏற்பாடு.

அங்கே செலவு ஆட்டம் முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கும். செப்டம்பரில் சீசன் முடிந்ததும் பிட்ச்சில் செத்த புல்லைச் சீவி எடுத்து, விதை தூவி, களிமண் கலந்த மண்ணை மேலே பரப்ப வேண்டும். வசந்தத்தில் ரோலர். பிறகு வாராவாரம் வெட்டு. புல்வெட்டும் இயந்திரத்துக்கு எட்வின் பட்டிங் காப்புரிமை வாங்கியது 1830ல். அதற்கு முன்னால் ஆடுதான். லார்ட்ஸ் மைதானத்திலேயே ஆடு மேய்த்திருக்கிறார்கள். நைரன் காலத்துச் செலவு குறைவு என்றால் ஆட்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஒரே ஆளை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு சசெக்ஸில் ஷெஃபீல்ட் பார்க். மூன்றாவது ஷெஃபீல்ட் பிரபுவின் சொந்த மைதானம். 1884லிருந்து 1896 வரை ஆஸ்திரேலியர்கள் பலமுறை சுற்றுப்பயணத்தின்போது இங்கே வந்து ஆடினார்கள். கிரேஸின் தாடிக்குள் எர்னி ஜோன்ஸ் பந்து புகுந்து போனதாகச் சொல்வார்களே, அது இங்கேதான், 1896ல். ஆஸ்திரேலிய ஷெஃபீல்ட் ஷீல்டு இவர் கொடுத்த 150 பவுண்டில் பிறந்தது. 1909ல் வாரிசில்லாமல் இறந்தார். எஸ்டேட் கை மாறியது, மைதானமும் மறைந்தது. தோட்டம் 1954ல் நேஷனல் டிரஸ்டுக்கு வந்தது. மைதானத்தில் மறுபடி கிரிக்கெட் ஆடியது 2009ல்தான், ஆர்மடில்லோஸ் என்ற கிளப்பின் முயற்சியில். பிரபு ஒருவர் செய்ததைச் சனி, ஞாயிறு ஆடுகிற சாதாரண ஆட்கள் திருப்பிச் செய்ய நூறு வருடம் ஆகிவிட்டது.

அயல்வர்ட் 167 அடித்த வைன் மைதானத்துக்குத் திரும்புகிறேன். 1773ல் டார்செட் பிரபு அதை ஊருக்கே கொடுத்துவிட்டார். கிரிக்கெட் கிளப் நகர சபைக்கு வருடத்துக்கு இரண்டு மிளகு வாடகை தர வேண்டும். மைதானத்துக்கு ஒன்று, பெவிலியனுக்கு ஒன்று. நகர சபை, பிரபுவின் குடும்பம் கேட்டால் வருடத்துக்கு ஒரு கிரிக்கெட் பந்து தர வேண்டும். சிரிக்காதீர்கள். மிளகு என்பது பணம் இல்லை, பத்திரம். வருடாவருடம் அதைக் கொடுப்பவன் இருக்கிறான், வாங்குபவன் இருக்கிறான் என்றால் நிலம் யாருடையது, எதற்காக என்ற கேள்வியே எழாது.

அயல்வர்டின் 167ஐ 1820ல் லார்ட்ஸில் 278 அடித்து முறியடித்த வில்லியம் வார்ட் யார் தெரியுமா? பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் டைரக்டர்! 1825ல் தாமஸ் லார்ட் மைதானத்தில் வீடு கட்டக் கிளம்பியபோது 5,000 பவுண்டு கொடுத்துக் குத்தகையை வாங்கி நிறுத்தியவரும் அவரே. நம்ம இனம் :-) அதே எம்.சி.சி. 1860ல் நிலம் 7,000 பவுண்டுக்கு ஏலம் போனபோது சும்மா இருந்தது. ஆறு வருடம் கழித்து 18,333 பவுண்டு கொடுத்து, அதுவும் கடன் வாங்கி, வாங்கியது. பட்டா விஷயத்தைத் தள்ளிப்போட்டதற்கு வட்டி அது.

இந்தக் கதையை எல்லாம் என் சினேகிதனுக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிலே, தாலுகா ஆபீஸுக்கு எப்ப போகணும்?" என்றான். பொங்கல் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேலரிக்கு வந்த பணம் அதுவரை மைதானத்தின் பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருக்கும். தண்ணி விடுகிற ஆளுக்கு மாதச் சீட்டு ஆரம்பித்தாயிற்று. இதுவரை சேர்ந்தது நாற்பத்தொரு பேர்.