காயலான் கடைக் குதிரைகள்

பி.காம். படித்தவர்களுக்குத் ‘தேய்மானம்’ என்ற சொல்லின் மேல் ஒரு தனி மரியாதை உண்டு. ஒரு லாரி வாங்கினால், வருஷா வருஷம் அதன் மதிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வரவேண்டும். கடைசியில் மிஞ்சுவதற்குப் பெயர் ஸ்கிராப் வேல்யூ. அதாவது, காயலான் கடைக்காரர் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல் எண்ணிக்கொடுக்கும் காசு. கணக்குப் புத்தகத்தைப் பொறுத்தவரை வண்டியின் ஆயுள் அத்தோடு சரி.

அமெரிக்காவில் ஒரு கூட்டம், சரியாக அந்தக் கடைசி வரியிலிருந்துதான் கணக்கையே ஆரம்பித்தது. அவர்கள் உருவாக்கிய வண்டிக்குப் பெயர் ஹாட் ராட்.

ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தாத்தா காலத்து ஃபோர்டு காரோ பிக்கப் டிரக்கோ. மட்கார்டு இருக்காது. பானெட் இருக்காது. இன்ஜின் வெட்கமே இல்லாமல் வெளியே தெரியும். முன்பக்கம் தரையை முத்தமிடுவதுபோல் தாழ்ந்திருக்க, பின்சக்கரம் ரெண்டும் பூதம் மாதிரி நிற்கும். ‘காசு கொழுத்தவன் பண்ற வேலை’ என்று தோன்றுகிறதா? ஆரம்பத்தில் கதை நேர் எதிர். இது பாக்கெட்டில் பைசா இல்லாத பசங்க கண்டுபிடித்த விளையாட்டு.

ஹென்றி ஃபோர்டு 1908-ல் மாடல் டி காரைக் கொண்டுவந்தார். 1927-ல் நிறுத்துவதற்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள். பல விவசாயிகள் பின்சீட்டைப் பிடுங்கிவிட்டு, மரப்பெட்டி பொருத்திக் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இதைப் பார்த்த ஃபோர்டு கம்பெனி, 1925 ஏப்ரலில் தானே இரும்புத் தொட்டி வைத்த பிக்கப்பை விற்க ஆரம்பித்தது. விலை 281 டாலர். சக்தி, வெறும் 20 குதிரை. நல்ல ரோட்டில் மணிக்கு 65, 70 கிலோமீட்டர் போனால் அதிகம்.

1930-களில் இந்த வண்டிகள் பழசாகிக் கொல்லைப்புறங்களில் கிடந்தன. அதிலும் தெற்குக் கலிஃபோர்னியாவில் மழை குறைவு. அதனால் துருவும் குறைவு. சொற்பக் காசுக்கு எலும்புக்கூடு கிடைத்துவிடும். அதை வைத்துக்கொண்டு வேகமாகப் போவது எப்படி? பெரிய இன்ஜின் வாங்கப் பணம் வேண்டும். ஆனால் மட்கார்டைக் கழற்ற ஒரு ஸ்பானர் போதுமே! கழற்றினார்கள். கதவு, கண்ணாடி, சீட்டு என்று கனமானதெல்லாம் போனது. ஹாட் ராட் பாணியின் மொத்த அழகும் இப்படி இல்லாமையில் பிறந்ததுதான்.

1932-ல் அடித்தது ஜாக்பாட். அதுவரை எட்டு சிலிண்டர் வி-8 இன்ஜின் என்றால் கடிலாக் மாதிரி சீமான்களின் சமாச்சாரம். ஃபோர்டு பிடிவாதமாக, மொத்த பிளாக்கையும் ஒரே வார்ப்பில் ஊற்றி எடுத்து, 65 குதிரைச் சக்தியை 460 டாலர் காரில் வைத்துவிட்டார். நாலைந்து வருஷத்தில் மோதி நொறுங்கிய வி-8 கார்கள் காயலான் கடைக்கு வந்தன. பசங்க அந்த இன்ஜினைத் தூக்கிப் பழைய கூட்டுக்குள் இறக்கினார்கள்.

சரி, எங்கே ஓட்டுவது? லாஸ் ஏஞ்சலீஸுக்கு வடக்கே மொஹாவே பாலைவனத்தில் முரோக் என்றொரு வறண்ட ஏரி. சிமென்ட் தரை போல மைல் கணக்கில் காய்ந்து கிடக்கும். சனி, ஞாயிறில் கிளம்பிவிடுவார்கள். ஐந்தாறு வண்டிகள் பக்கம் பக்கமாகச் சீறும். முன்னால் போகிறவன் கிளப்பும் புழுதியில் பின்னால் வருகிறவனுக்குத் தன் மூக்கே தெரியாது. உயிர்கள் போயின. 1937-ல் கிளப்புகள் ஒன்றுசேர்ந்து ‘தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன்’ என்ற சங்கத்தை ஆரம்பித்து, விதிமுறைகள் எழுதின. யாரும் சொல்லாமலே அந்தப் பசங்க தங்களுக்குத் தாங்களே கடிவாளம் போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பிறகு ராணுவம் முரோக்கை எடுத்துக்கொண்டது. 1947 அக்டோபரில் சக் யேகர் ஒலியின் வேகத்தை முறியடித்தாரே, அவர் கிளம்பியது அந்த முரோக் தளத்திலிருந்துதான். இன்று அதன் பெயர் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம்.

போர் முடிந்து திரும்பிய இளைஞர்களிடம் மூன்று விஷயங்கள் இருந்தன. ராணுவச் செலவில் கற்ற மெக்கானிக் வேலை, கையில் கொஞ்சம் சம்பளப் பணம், எதற்கும் அஞ்சாத மனசு. அலெக்ஸ் ஸிடியாஸ் என்பவர் 1946-ல் ராணுவத்திலிருந்து வந்த கையோடு ‘ஸோ-கால் ஸ்பீட் ஷாப்’ என்று கடையே திறந்தார். பில் பர்க் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போய், போர் விமானத்தின் வயிற்றில் தொங்கும் உபரி பெட்ரோல் டேங்க்கை வாங்கி, அதற்குள் இன்ஜின் வைத்து, சக்கரம் மாட்டி ஓட்டினார். அதே யோசனையில் ஸிடியாஸ் குழு கட்டிய டேங்க் வண்டி, 1952-ல் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டியது.

எல்லோருக்கும் பாலைவனம் போகப் பொறுமை ஏது? ஊர்த்தெருக்களிலேயே சிக்னலுக்கு சிக்னல் ரேஸ் விட்டார்கள். மோதினார்கள், செத்தார்கள். பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. ‘ஹாட் ராட்’ என்றாலே பொறுக்கி என்று அர்த்தமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் ராபர்ட் பீட்டர்சன் என்ற இருபத்தோரு வயதுப் பையன் வருகிறான். சினிமா கம்பெனி வேலை போய், விளம்பரத் தொழிலில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவன். 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸில் ஹாட் ராட் கண்காட்சி நடத்த உதவுகிறான். கூடவே நண்பர் ராபர்ட் லின்ட்ஸேயுடன் சேர்ந்து ஒரு பத்திரிகை. விலை 25 சென்ட். கண்காட்சி வாசலில் நின்று தானே விற்றான். பெயர் என்ன வைத்தான் தெரியுமா? ‘ஹாட் ராட்’! ஊர் எதைச் சொல்லித் திட்டியதோ, அதையே அட்டையில் பெரிசாகப் போட்டான்.

அதன் ஆசிரியராக வந்த வாலி பார்க்ஸ், 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஆரம்பித்தார். அவருடைய வாதம் எளிமையானது: ‘பசங்களை நிறுத்த முடியாது. இடத்தை மாற்றலாம்.’ கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்ப்பாதை, ஹெல்மெட், வண்டிப் பரிசோதனை. 1953-ல் பொமோனாவில் சங்கத்தின் முதல் அதிகாரபூர்வ ரேஸ் நடந்தபோது உள்ளூர் போலீசும் ஒத்தாசை. மறுவருஷம் ஒரு ஸ்டேஷன் வேகனும் டிரெய்லரும் ஊர் ஊராகப் போய், ரேஸைப் பத்திரமாக நடத்துவது எப்படி என்று பாடம் எடுத்தன. தடியடியில் ஆகாத காரியத்தை ஸ்டாப் வாட்ச் சாதித்தது என்பேன்.

பிக்கப்புக்கு வருவோம். நார்ம் கிராபோவ்ஸ்கி என்ற இளைஞர், 1922 மாடல் டி காரின் முன்பாதியை வெட்டினார். பின்னால் மாடல் ஏ பிக்கப்பின் தொட்டியைக் குட்டையாக நறுக்கி ஒட்டினார். நடுவே கடிலாக் இன்ஜின். 1955-ல் ஹாட் ராட் பத்திரிகை அட்டையில் அந்த வண்டி. 1958-ல் தொடங்கிய ‘77 ஸன்செட் ஸ்ட்ரிப்’ டி.வி. தொடரில், வாரா வாரம் தலை வாரிக்கொண்டே வரும் குக்கி என்ற பாத்திரத்தின் வாகனமும் அதுதான். அப்புறமென்ன, நாடு முழுக்கக் காப்பி அடித்தார்கள்.

இப்போது யாராவது பிக்கப் கட்டுவதென்றால், பலரும் தேடுவது 1953 முதல் 56 வரை வந்த ஃபோர்டு எஃப்-100. முதலில் பாடியைத் தனியாகத் தூக்கிவிடுவார்கள். அதன் சேஸிஸ் ஒருபக்கம் திறந்த ‘சி’ வடிவம். 300 குதிரை இழுத்தால் முறுக்கிக்கொள்ளும். திறந்த பக்கத்தில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்து பெட்டியாக மூடவேண்டும். முன்னால் இருக்கும் ஒற்றை ஆக்ஸிலும் கமான் பட்டையும் மாட்டுவண்டிக்குத்தான் லாயக்கு. அதை அறுத்தெறிந்துவிட்டு, 1970-களில் வந்த மஸ்டாங்-2 காரின் முன்பக்க அமைப்பை மாட்டுவார்கள். டிஸ்க் பிரேக் அவசியம். ஆறு வோல்ட் ஒயரிங் இருந்தால் அதைப் பன்னிரண்டாக மாற்றவேண்டும். வேகம் ஏறுவதற்கு முன் நிற்கத் தெரியவேண்டும் அல்லவா! கடைசியில் டிங்கரிங், பொறுமையைச் சோதிக்கும் படலம். நிறைய பேர் வண்டியைப் பாதியில் விற்பது இங்கேதான்.

அசல் வண்டியை அறுப்பது வரலாற்றுக் கொலை என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. முழுசாக, அசலாக நிற்கும் வண்டியில் கட்டிங் மெஷின் வைப்பவனை எனக்கும் பிடிக்காது. துருப்பிடித்து மரம் முளைத்த கேபினுக்கு என்ன வரலாறு மிச்சம், சொல்லுங்கள்? வெட்டப் பழைய வண்டி தட்டுப்பாடாகி, ஒஹையோவில் ஒரு கம்பெனி 1932 ஃபோர்டு பாடியைப் புது இரும்பில் அச்சு அசலாக அடித்து விற்கும் நிலைமை வந்துவிட்டது.

1997-ல் பெபிள் பீச் கண்காட்சியிலேயே ஹாட் ராடுகளுக்குத் தனிப் பிரிவு கொடுத்தார்கள். ரோல்ஸ் ராய்ஸும் புகாட்டியும் அணிவகுக்கும் புல்வெளி அது. பிக்கப்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. மாட்டுத்தீவனமும் முள்கம்பியும் எறிந்த பின்தொட்டியில் இப்போது பலகைக்குப் பலகை வார்னிஷ், நடுவே பளபளக்கும் ஸ்டீல் பட்டிகள். அதன் மேல் ஒரு காபி டம்ளரை வைத்துப் பாருங்கள், உங்களை அடிக்கவே வந்துவிடுவார்கள்.