போருக்குப் பிந்தைய ஐக்கிய அமெரிக்கா–வியட்நாம் உறவுகள்

போருக்குப் பிந்தைய ஐக்கிய அமெரிக்கா–வியட்நாம் உறவுகள் என்பது 1975 இல் வியட்நாம் போர் முடிவுற்ற பின்னர் இவ்விரு நாடுகளுக்கும் இடையே நிலவும் அரசியல், பொருளாதார உறவுகளைக் குறிக்கும். முழுமையான தூதரக உறவு ஏற்பட 20 ஆண்டுகள் ஆயின. போரில் வென்ற வியட்நாம் தனக்கு வாக்களிக்கப்பட்ட புனரமைப்பு நிதியைப் பெறவில்லை. மாறாக, தோற்றுப்போன தென் வியட்நாம் அரசின் கடனை ஏற்க நேர்ந்தது.

நிறைவேறாத வாக்குறுதி

1973 சனவரி 27 இல் பாரிசு அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. போரின் காயங்களை ஆற்றவும் நாட்டைப் புனரமைக்கவும் அமெரிக்கா பங்களிக்கும் என்று அதன் 21 ஆம் பிரிவு கூறியது. சில நாட்களில், குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன் வட வியட்நாம் பிரதமர் பாம் வான் டோங்குக்கு எழுதிய கடிதத்தில், ஐந்தாண்டுகளில் 325 கோடி டாலர் அளவுக்கு உதவி வழங்குவது பற்றிக் குறிப்பிட்டார்.

1975 ஏப்ரல் 30 இல் சைகோன் வீழ்ந்தது. வட வியட்நாம் உடன்படிக்கையை மீறிவிட்டதால் வாக்குறுதி தன்னைக் கட்டுப்படுத்தாது என்பது அமெரிக்காவின் நிலைப்பாடு. வட வியட்நாம் மீது முன்பே இருந்த வணிகத் தடை நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. வியட்நாம் ஐக்கிய நாடுகள் அவையில் சேர்வதையும் அமெரிக்கா வீட்டோ அதிகாரத்தால் தடுத்தது. 1977 இலேயே வியட்நாம் உறுப்பினரானது.

அவ்வாண்டு நடந்த பேச்சுகளில் வியட்நாம் நிதியை வலியுறுத்தியது. அமெரிக்கக் காங்கிரசோ உதவிக்குத் தடை விதித்தது. 1978 இல் வியட்நாம் கோரிக்கையைக் கைவிட்டபோது காலம் கடந்திருந்தது. அமெரிக்கா சீனாவுடன் நெருங்கியது. வியட்நாம் சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தம் செய்து, கம்போடியாவுக்குள் படையெடுத்தது.

காணாமற்போனோர் சிக்கல்

1986 இல் தொடங்கிய 'டொய் மொய்' பொருளாதாரச் சீர்திருத்தமும் 1989 இல் கம்போடியாவிலிருந்து படைகள் திரும்பியதும் நிலைமையை மாற்றின. எனினும், போரில் காணாமற்போன அமெரிக்க வீரர்களைப் பற்றிய முழுக் கணக்கே அமெரிக்காவின் முதன்மை நிபந்தனையாக இருந்தது. 1987 இல் தளபதி ஜான் வெசி ரொனால்டு ரேகனின் தூதராக அனோய் சென்றார். பின்னர் வியட்நாமியக் கிராமங்களிலும் மலைகளிலும் எச்சங்களைத் தேடும் கூட்டுப் பணிகள் நடந்தன. வியட்நாம் தரப்பில் காணாமற்போனோர் இலட்சக்கணக்கில் இருந்தும், அவர்களைத் தேடுவது நெடுங்காலம் பேச்சுகளின் மையப் பொருளாகவில்லை.

உறவு சீரடைதல்

முன்னாள் போர்வீரர்களான செனட்டர்கள் ஜான் கெர்ரி, ஜான் மெக்கெய்ன் ஆகியோரின் ஆதரவுடன் பில் கிளிண்டன் 1994 பிப்ரவரி 3 இல் வணிகத் தடையை நீக்கினார். 1995 சூலை 11 இல் தூதரக உறவை அறிவித்தார். 1997 இல் முதல் தூதராக அனோய் சென்ற பீட் பீட்டர்சன், அதே நாட்டில் ஆறாண்டுகளுக்கு மேல் போர்க்கைதியாக இருந்தவர்.

அவ்வாண்டே, தென் வியட்நாம் அரசு வாங்கியிருந்த கடனுக்காகச் சுமார் 14.5 கோடி டாலரைத் திருப்பிச் செலுத்த வியட்நாம் ஒப்புக்கொண்டது. 2001 இல் இருதரப்பு வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அமெரிக்கா வியட்நாமின் மிகப் பெரிய ஏற்றுமதிச் சந்தையாக வளர்ந்தது.

போரின் எச்சங்கள்

ஏஜெண்ட் ஆரஞ்சு களைக்கொல்லியால் பாதிக்கப்பட்ட அமெரிக்க வீரர்களுக்காக, வேதிப்பொருள் நிறுவனங்கள் 1984 இல் 18 கோடி டாலர் வழங்க இணங்கின. வியட்நாமியர் 2004 இல் தொடுத்த வழக்கை அமெரிக்க நீதிமன்றம் மறு ஆண்டே தள்ளுபடி செய்தது. ஆயினும் 2012 முதல் 2018 வரை தனாங் விமான நிலையத்தின் நச்சு மண் அமெரிக்க நிதியில் தூய்மையாக்கப்பட்டது. அமெரிக்கா இதைச் சட்டப் பொறுப்பாக அல்லாமல் கூட்டுறவுப் பணியாகவே குறிப்பிடுகிறது.

மதிப்பீடு

2023 இல் இரு நாடுகளும் உறவை 'விரிவான உத்திசார் கூட்டாண்மை' நிலைக்கு உயர்த்தின. தென்சீனக் கடலில் சீனாவின் வளர்ச்சி குறித்த கவலை இருவருக்கும் பொதுவானது. ஆனால் நெருக்கத்திற்கான விலையை இருவரும் சமமாகக் கொடுக்கவில்லை. சந்தையும் முதலீடும் தேவைப்பட்ட வறிய நாடு, தன் உரிமைக் கோரிக்கையை முதலில் கைவிட வேண்டியிருந்தது. இழப்பீடு என்ற பெயரில் கிடைக்காததில் ஒரு பகுதியே பிற்காலத்தில் உதவி என்ற பெயரில் வந்தது.