மெருகும் தேய்மானமும்

பித்தளையும் வெண்கலமும் மின்ன வேண்டும் என்ற ஆசை, அந்த உலோகங்களைப் போலவே பழமையானது. செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். இரண்டிலும் உள்ள செம்பு காற்றோடும் ஈரத்தோடும் கூடி நாளடைவில் கறுக்கிறது. பச்சைக் களிம்பும் பூக்கிறது. வெள்ளியோ காற்றில் கலந்த கந்தகச் சேர்மங்களால் கருமை கொள்கிறது. ஆகவே துலக்குதல் என்பது ஒரு முறை செய்து முடிக்கும் வேலையன்று. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பணி.

நம் பாட்டிமார் இப்பணிக்குப் புளியையும் சாம்பலையும் செங்கற்பொடியையும் நம்பினர். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும். சாம்பலின் காரம் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும். செங்கற்பொடி உராய்ந்து ஒளியேற்றும். இம்மூன்று வேலைகளையும் ஒரே தகரக் குப்பிக்குள் அடைத்ததே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய திரவ மெருகு. அவற்றுள் பெயர்பெற்றது பிராஸோ.

அதன் பிறப்பிடம் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள ஹல் துறைமுகம். அங்கு 1840இல் ஐசக் ரெக்கிட் என்பவர் துணிக்குக் கஞ்சியிடும் மாவு செய்யும் ஆலையை நடத்தத் தொடங்கினார். பின்னர் அவருடைய மைந்தர் காலத்தில் துணிக்கு நீலமும் அடுப்புக்குக் கரும்பூச்சும் சேர்ந்தன; 1905ஆம் ஆண்டளவில் பிராஸோ வந்தது. ரெக்கிட் குடும்பத்தார் குவேக்கர் சபையினர். அச்சபையாரின் செபக்கூடங்களில் பீடம் இல்லை, சுரூபம் இல்லை, மெழுகுதிரித் தண்டும் இல்லை. மௌனமே அவர்களது வழிபாடு. அத்தகையோர் செய்த சரக்கு, பித்தளைத் தண்டுகள் வரிசையாக நிற்கும் பீடங்களுக்கெல்லாம் ஒளி சேர்த்தது வரலாற்றின் இனிய முரண் எனலாம். அவர்களுள் ஜேம்ஸ் ரெக்கிட் என்பவர் 1908இல் தம் தொழிலாளருக்கென ஹல் நகரில் தோட்டங்களோடு கூடிய குடியிருப்பொன்றைத் திறந்துவைத்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

இத்திரவத்தில் மிக நுண்ணிய உராய்பொடியும், பிசுக்கைக் கரைக்கும் மண்ணெண்ணெய் இனத்துத் திரவமும், சிறிது அம்மோனியாவும், கொழுப்பமிலமும் கலந்திருந்தன. மூக்கைத் துளைக்கும் நெடி அம்மோனியாவினுடையது. பொடி அடியில் தங்கிவிடுமாதலால் குப்பியைக் குலுக்கியே திறக்க வேண்டும். துணியில் நனைத்துத் தேய்த்தால் துணி கறுத்துவிடும். அக்கருமை வெறும் அழுக்கன்று என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தேய்ந்துபோன உலோகமும் அதில் அடங்கியுள்ளது.

பித்தளைக்கும் அம்மோனியாவுக்கும் உள்ள பகையைச் சொல்லும் கதையொன்று நம் நாட்டு வரலாற்றிலேயே உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் இராணுவத்தினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைப்பது வழக்கம். மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகள் வெடித்துக் கிடந்தன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், கூட்டை உருவாக்கும்போது உலோகத்தினுள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்தே அவ்வெடிப்பை விளைத்தன என்பது 1921இல்தான் தெளிவாயிற்று.

மெருகின் மறுபக்கத்தை நன்கு உணர்த்துபவை இங்கிலாந்தின் ஆலயங்களே. அங்கு பதின்மூன்றாம் நூற்றாண்டு முதற்கொண்டு இறந்தோர் நினைவாக அவர்களது உருவத்தைப் பித்தளைத் தகட்டில் செதுக்கிக் கல்லறைமேல் பதித்தனர். சர்ரே மாவட்டத்திலுள்ள ஸ்டோக் டி ஆபர்னன் ஆலயத்துப் போர்வீரர் தகடு இவற்றுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று. “என் ஆன்மாவுக்காக மன்றாடுங்கள்” என்று வேண்டும் எழுத்துகள் பல தகடுகளில் இருந்தன. பதினாறாம் நூற்றாண்டுச் சமயக் கலகத்தில் பல பெயர்த்தெடுக்கப்பட்டன. பலவற்றில் அவ்வேண்டுதலே சிதைக்கப்பட்டது. பகைவரின் உளிக்குத் தப்பியவற்றை இன்று பேணுவோர் அஞ்சுவது வேறொன்றுக்கு: அன்பர்களின் துணிக்கு! தேய்க்கத் தேய்க்க முகத்தின் கோடுகள் மழுங்குகின்றன, பெயர்கள் மறைகின்றன. முதல் உலகப் போரில் மாண்டோரின் பெயர் பொறித்த பித்தளைப் பலகைகளுக்கும் இதே கதி நேர்ந்துள்ளது. ஆகவேதான் உராயும் மெருகுகளைத் தவிர்க்கும்படி பேணுகைத் துறையினர் அறிவுறுத்துகின்றனர். மறவாதிருக்கவே துலக்கினர், துலக்கியே பெயரை மறைத்தனர்.

இது நமக்கும் உரிய பாடம் அன்றோ? நம் வீட்டுப் பித்தளைக் குடங்களிலும் தாம்பாளங்களிலும் சீர் கொடுத்த பெற்றோரின் பெயரோ கொடுத்த ஆண்டோ புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கக் காண்கிறோம். ஆலயத்து விளக்கின் அடியிலும் காணிக்கையாளர் பெயர் உண்டு. திருவிழா நெருங்கும்போது கோவில்பிள்ளையும் இளைஞரும் பக்தியோடு தேய்க்கும் தேய்ப்பில், அப்பெயர்கள் ஆண்டுக்காண்டு மெலிகின்றன. பொன்முலாம் பூசிய இரசக்கிண்ணத்தை உராயும் திரவத்தால் துலக்கினால், முலாமே அகன்று உள்ளிருக்கும் உலோகம் வெளிப்பட்டுவிடும்.

எனவே நாள்தோறும் உலர்ந்த மென்துணியால் தூசு துடைத்தலே பெரும்பாலும் போதுமானது. முலாம் பூசியவற்றுக்கு வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும், பின் ஈரம் போகத் துடைத்தலும் போதும். எழுத்துள்ள இடத்தில் மெருகும் வேண்டாம், புளியும் வேண்டாம். குடத்தின் வயிறு பளபளக்கட்டும். கழுத்தில் வெட்டிய பெயர் சற்றுக் கறுத்தே இருக்கட்டும். அக்கருமை இருந்தால்தான் நம் பேரப்பிள்ளைகள் அப்பெயரைப் படிக்க முடியும்.