மனநல வினாத்தாள்கள்: படிப்பவருக்குப் புரிகிறதா?

மனநலச் சிகிச்சைக்கு வருபவரிடம் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பித் தரச் சொல்வது இன்று பல நாடுகளில் வழக்கம். அதை அவரால் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா? இந்தக் கேள்விக்கும் நூறாண்டு வரலாறு உண்டு.

முதல் உலகப் போரின்போது, போர் அதிர்ச்சியைத் தாங்க முடியாதவர்களை முன்கூட்டியே கண்டறிய, அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் 'ஆம், இல்லை' என்று விடையளிக்கும் வினாத்தாளை உருவாக்கினார். லட்சக்கணக்கான வீரர்களைத் தனித்தனியே விசாரிக்க முடியாது என்பதே காரணம். ஆனால் வீரர்களில் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். அதனால்தான் அதே ராணுவம் அறிவுத்திறன் சோதனையில் எழுத்தறிந்தவர்களுக்கு 'ஆல்ஃபா', மற்றவர்களுக்குப் படங்கள் கொண்ட 'பீட்டா' என இரண்டு வகை வைத்திருந்தது.

1943இல் ஹாத்தவே, மெக்கின்லி இருவரும் வெளியிட்ட மின்னசோட்டா ஆளுமைச் சோதனையில் சுமார் 550 வாக்கியங்கள். அதில் 'எஃப்' என்றொரு அளவுகோல், பெரும்பாலோர் தராத விடைகளை எண்ணுகிறது. எண்ணிக்கை உயர்ந்தால் நோய் கடுமையாக இருக்கலாம். வாக்கியங்கள் புரியாமலும் இருந்திருக்கலாம். அதாவது, வாசிப்புக் குறை தாளில் மனநோய் போலவே தோன்றும்! 1989இல் இச்சோதனையைத் திருத்தியபோது பழைய சொற்களையும் குழப்பமான வாக்கியங்களையும் மாற்றினார்கள்.

எளிமையை அளக்க 1948இல் ருடால்ஃப் ஃப்ளெஷ் ஒரு சூத்திரம் தந்தார். அது சொல், வாக்கியம் இவற்றின் நீளத்தை மட்டுமே பார்க்கும். 'நான் அடிக்கடி அழுவதில்லை' என்பது சிறிய வாக்கியம்தான். ஆனால் அடிக்கடி அழுபவர் இதற்குத் 'தவறு' என்று குறிக்க வேண்டும். இந்தச் சுற்றுவழி எந்தச் சூத்திரத்திலும் சிக்காது.

2001இல் வந்த, ஒன்பதே கேள்விகள் கொண்ட பிஹெச்கியூ-9 மிகவும் சுருக்கமானது. ஆனாலும் தூக்கம் வராததையும் அதிகம் தூங்குவதையும் ஒரே கேள்வியில் கேட்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் பாதி நாட்களுக்கு மேலா என்று கணக்கும் போடச் சொல்கிறது. மனம் சோர்ந்தவருக்குக் கவனம் நிற்பதே கடினம். தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வியோ கடைசியில்தான் வருகிறது. அதைப் படிக்காமலே 'இல்லை' என்று குறித்துவிட்டால், உதவி கிடைக்க வேண்டிய ஒருவர் வெறுங்கையோடு வீடு திரும்பக்கூடும்.

1961இல் ஆரோன் பெக் தன் மனச்சோர்வு வினாத்தாளை அறிமுகப்படுத்தியபோது, பயிற்சி பெற்றவர் கேள்விகளைச் சத்தமாக வாசிக்க, நோயாளி தன் பிரதியில் தொடர்ந்து படித்தார். நேரத்தை மிச்சப்படுத்தப் பிற்காலத்தில் நாம் கைவிட்ட அந்தப் பழக்கம், இன்றும் தேவை என்றே தோன்றுகிறது.