யார் எடுத்த படம் இது?

போன மாதம் மழை விடாமல் பெய்த ஒரு நாளில், அலமாரியைச் சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். அடித்தட்டில் பழைய ஆல்பம் ஒன்று கிடைத்தது. எங்கள் நாகலூர் வீட்டின் ஈரத்தில் பாதிப் படங்கள் தாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒட்டாமல் தப்பியவற்றில் ஒன்று 1986 மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில் எடுத்தது. நடுவில் என் அம்மா, பக்கத்தில் என் மனைவி, முன்னால் பிள்ளைகள் இருவர். நான் படத்தில் இல்லை. எடுத்தவன் நான்தானே!

அன்று அந்தப் படத்தை எடுத்து முடித்ததும் மனைவி கேட்டாள்: “நீங்க போய் அத்தை பக்கத்துல நில்லுங்க. நான் ஒண்ணு எடுக்கறேன்.”

சுருளில் ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. “உனக்குப் பழக்கமில்லை, ஃபிலிம் வீணாப் போயிடும்” என்று சொல்லிவிட்டு, மலை மேலிருந்து தெரிந்த பள்ளத்தாக்கை நானே எடுத்தேன். கழுவி வந்தபோது அது வெறும் வெள்ளையாக இருந்தது. பனி மூட்டம்!

அந்த ஆண்டு கார்த்திகையில் அம்மா போய்விட்டார். கல்யாணத்தில் ஸ்டுடியோக்காரர் எடுத்த கும்பல் படத்தைத் தவிர, நானும் அம்மாவும் சேர்ந்து நிற்கும் படம் எங்கள் வீட்டில் கிடையாது.

இருபத்தைந்து வருடம் கழித்து, 2011-ல், மனைவிக்கு ஒரு கேமரா வாங்கினேன். அந்தக் கதையைச் சொல்லும் முன், கேமரா என்ற பொருள் நம்மைப் போன்ற குடும்பங்களின் கைக்கு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் சேலம் ஜில்லாவுக்குப் புகைப்படம் சீக்கிரமே வந்துவிட்டது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை மதராஸ் அரசாங்கம் 1856-ல் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தார். இராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களும் அடங்கிய அவருடைய படத்தொகுப்பு 1858-ல் வெளிவந்தது. இராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. மெழுகு பூசிய காகிதத்தில் நெகட்டிவ் எடுத்த காலம் அது. பெரிய பெட்டி, முக்காலி, ரசாயனங்கள், ஆட்கள் எல்லாம் வேண்டும். அரசாங்கமோ ராஜாவோ செலவு செய்தால்தான் படம்.

இதை மாற்றியது அமெரிக்காவின் கோடாக். 1900-ல் அவர்கள் பிரவுனி என்ற அட்டைப் பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றார்கள். குழந்தைகளை மனதில் வைத்துச் செய்தது அது. அதற்கு முன்பே கோடாக் விளம்பரங்களில் கேமராவைப் பிடித்துக்கொண்டு ஒரு இளம்பெண் நிற்பாள். பெண்ணும் குழந்தையும் எடுக்கும் அளவுக்குச் சுலபம் என்று சொல்லித்தான் அங்கே கேமராவை விற்றார்கள்.

நம் நாட்டில் அந்த விலைக் குறைப்பு வந்துசேர இன்னும் அறுபது வருடம் ஆனது. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, அதற்கு மேல் சுங்க வரி. நல்ல கேமரா வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்து யாராவது வர வேண்டும், இல்லாவிட்டால் சென்னை பர்மா பஜாரில் தேட வேண்டும். அப்போது கைகொடுத்தது ஆக்பா கிளிக் 3. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி அதைத் தயாரித்தது. ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று. ஒரு பக்கம் வெயில் படம், ஒரு பக்கம் மேகம் படம். எது பொருந்துகிறதோ அதற்குத் திருப்பிவிட்டு அமுக்க வேண்டியதுதான். 120 ஃபிலிமில் சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும். இந்த வயதுக்காரர்கள் பலர் வீட்டில் அது இருந்திருக்கும். 1986-ல் என் கையில் இருந்ததும், பழையதாக வாங்கிய கிளிக் 3 தான்.

ஃபிலிமும் நம் மலைநாட்டிலிருந்தே வந்தது. ஊட்டியில் 1960-ல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967-ல் உற்பத்தியை ஆரம்பித்து ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் விற்றது. எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தார்கள். அந்தத் தொழிற்சாலை இப்போது மூடிக் கிடக்கிறது.

ஆக, எழுபதுகளிலேயே கேமராவும் ஃபிலிமும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டிவிட்டன. ஆனால் எட்டியது யார் கைக்கு? கேமரா வீட்டுக்காரர் கழுத்தில் தொங்கும். வீட்டம்மா குழந்தைக்குத் தலை வாரி, நெற்றியில் பொட்டு வைத்து, வெயில் கண்ணில் படாமல் நிறுத்திவிட்டு, தானும் போய் நிற்பாள். பன்னிரண்டு படத்துக்கு ஒரு சுருள், கழுவிப் பிரிண்ட் போட சேலத்துக்கு ஒரு நடை. இவ்வளவு செலவாகும் பொருளைப் பழக்கமில்லாதவர் கையில் கொடுப்பதா என்பதுதான் என்னைப் போன்றவர்களின் கணக்கு. கொடுத்தால்தானே பழக்கம் வரும் என்று அப்போது தோன்றவில்லை.

2011 ஜனவரியில் பத்ம விருதுப் பட்டியலைச் செய்தித்தாளில் மனைவிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பத்ம விபூஷண் பெற்றவர்களில் ஹோமாய் வியாரவாலா என்று ஒரு பெயர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 1913-ல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். புகைப்படக் கலையைக் கற்றுக்கொடுத்தது மானெக்‌ஷா. அவரைத்தான் பின்னால் மணந்தார். 1942-ல் இருவரும் டில்லிக்கு வேலைக்குப் போனார்கள். சுதந்திரம் வந்தபோது செங்கோட்டையில் கொடி ஏறியது, மவுண்ட்பேட்டன் விடைபெற்றது, காந்தியடிகளின் இறுதி ஊர்வலம், நேருவின் பல முகங்கள் எல்லாம் ஹோமாயின் கேமராவில் பதிந்தவை. 1970-ல் தொழிலை நிறுத்திக்கொண்டார். பிறகு பல ஆண்டுகள் வாழ்ந்தது, நம் கிளிக் 3 பிறந்த அதே பரோடாவில்.

அவரைப் பற்றிய ஒரு விஷயம் எங்கள் இருவரையும் நிறுத்தியது. ஆரம்பத்தில் ஹோமாய் எடுத்த படங்கள் பம்பாய்ப் பத்திரிகைகளில் கணவர் மானெக்‌ஷாவின் பெயரில்தான் வெளிவந்தன. ஒரு பெண் எடுத்தாள் என்றால் யாரும் பொருட்படுத்தாத காலம். மானெக்‌ஷா கேமராவையாவது மனைவி கையில் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டேன். நான் அதைக்கூடச் செய்யவில்லையே.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. “திருவிழாவுல நான் ஒண்ணு எடுத்திருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இருபத்தைந்து வருடமாக மறக்கவில்லை! அந்த வருடம் நான் ஓய்வு பெற்றேன். வந்த பணத்தில் முதல் செலவு இதுதான் என்று முடிவு செய்தேன்.

அதற்குள் காலம் மாறிவிட்டிருந்தது. ஃபிலிம் இல்லாமல் படம் எடுக்கும் கேமராவை, அதே கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் 1975-ல் செய்து பார்த்தார். மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. ஒரு படம் கேசட்டில் பதிய 23 நொடி. 1991-ல் கோடாக், நிக்கான் எஃப்3 கேமராவுக்குள் தன் கருவியைப் பொருத்தி விற்றபோது விலை இருபதாயிரம் டாலர் அளவில் இருந்தது. பெரிய பத்திரிகைகள்தான் வாங்க முடியும். 2003-ல் கேனான் 300டி, லென்ஸ் இல்லாமல் 899 டாலருக்கு வந்தது. ஆயிரம் டாலருக்குக் கீழே வந்த முதல் டிஎஸ்எல்ஆர் அதுதான். பிறகு போட்டி. 2011-ல் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில், லென்ஸோடு சேர்த்து நிக்கான் டி3100, கேனான் 1100டி என்று இரண்டு கிடைத்தன.

தீபாவளிக்கு முன்னால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலத்துக்குப் போனோம். நான் ஒரு நோட்டில் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். நிக்கான் 14 மெகாபிக்சல், கேனான் 12. கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்தே பேசினார். “சாருக்குத்தானே?” என்றார். “அம்மாவுக்கு” என்றேன். “அப்படின்னா சின்னதா, ஆட்டோமேட்டிக்கா ஒண்ணு காட்டவா?” என்று வேறு அலமாரிப் பக்கம் திரும்பினார். எனக்குக் கோபம் வந்தது. 1986-ல் நான் பேசியதும் இதுதான் என்பது நினைவுக்கு வந்ததும் அடங்கிவிட்டது.

நானும் அங்கே ஒரு தப்புச் செய்யப் பார்த்தேன். நாகலூரில் பறவைகள் அதிகம், அதனால் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் ஜூம் லென்ஸ் வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். மனைவி மெதுவாகச் சொன்னாள்: “பறவை உங்களுக்குத்தாங்க ஆசை. எனக்கு மனுஷங்க முகம் எடுக்கணும். காப்பி பறிக்க வர்றவங்க, பக்கத்து வீட்டுப் பாட்டி, பேரன்.”

அந்த ஒரு வார்த்தையில் என் நோட்டு முழுவதும் மாறிவிட்டது. எங்கள் ஊரில் காப்பித் தோட்டம் முழுக்க மர நிழல். அதோடு பனி. வெளிச்சம் குறைவு. கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் அந்த நிழலில் திணறும். 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் வெளிச்சத்தை நிறைய வாங்கும், விலையும் கம்மி. இந்த வகைக் கேமராவில் அது பழைய ஃபிலிம் கேமராவின் 80 மில்லிமீட்டர் லென்ஸ் போலக் காட்டும். முகங்களுக்கு அது சரியான அளவு. ஆனால் டி3100-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. நிக்கானின் பழைய மலிவான 50 லென்ஸை அதில் மாட்டினால் ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருக வேண்டும். கேனானின் மலிவான 50 லென்ஸில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. ஆகவே மெகாபிக்சல் குறைந்த 1100டி தான் அவளுக்குச் சரி. இரண்டையும் கையில் வாங்கிப் பிடித்துப் பார்த்து, அவளும் அதையே நீட்டினாள்.

முதல் வாரம் நூறு படமாவது எடுத்திருப்பாள். பாதி ஆடிப் போனவை. ஃபிலிமாக இருந்தால் எட்டுச் சுருளுக்கு மேல். இதில் அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள். டிஜிட்டலில் எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். தப்புச் செய்து கற்றுக்கொள்ளக் காசு கேட்காத கேமரா அது. ஆறு மாதத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டியை எடுத்த படம், அந்தப் பாட்டி இறந்தபோது மாலை போட்டு வைக்கும் படமானது.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டாவது மழைக்காலத்தில் எங்கள் 18-55 லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம் பிடித்துவிட்டது. தோல் பையில் போட்டு பீரோவில் வைத்தது என் தப்பு. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறோம். பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். வெயில் வந்தால் கேமராவை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் உபயோகித்தாலே நல்லது.

ஹோமாய் அம்மையார் 2012 ஜனவரியில் காலமானார். டிஎஸ்எல்ஆர் காலமும் முடிந்துவருகிறது. நிக்கானின் கடைசி மலிவு மாடல்களில் ஒன்றான டி3500-ஐயும் நிறுத்திவிட்டார்கள். இன்று எல்லார் கையிலும் போன். ஆனாலும் விசேஷங்களில் கவனித்துப் பாருங்கள், “தள்ளு, நான் எடுக்கிறேன்” என்று வாங்குவது இன்னும் யார் என்று.

பழைய ஆல்பத்தை மூடுவதற்கு முன்பு, நானும் மனைவியும் ஒரு வேலை செய்தோம். படங்களின் பின்னால் பென்சிலில் நாள், இடம், யார் யார் என்று எழுதினோம். கடைசியாக, எடுத்தது யார் என்றும் எழுதினோம். 1986 வரை எல்லாம் என் பெயர். 2011-க்குப் பிறகு பிரிண்ட் போட்டவற்றில் பெரும்பாலும் அவள் பெயர். உங்கள் வீட்டு ஆல்பத்திலும் இதைச் செய்து பாருங்கள். எந்தப் பெயர் ஒரு தடவைகூட வரவில்லையோ, அடுத்த விசேஷத்தில் கேமராவை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் போய் உங்கள் அம்மா பக்கத்தில் நில்லுங்கள்.